இறக்கத்தில் நியூட்ரல்

ரம்ஜான் முடிந்து நாலாம் நாள் காலை, மனைவி நூர் பீவி கொடுத்தனுப்பிய சேமியாப் பாயசத் தூக்கோடு ஹிதாயத்துல்லா செம்பாக்கத்தில் முதலாளி வீட்டு கேட்டைத் திறந்தார். தட்சிணாமூர்த்தி போர்ட்டிகோவில் பேப்பரும் கையுமாக நின்றிருந்தார். தூக்கை அவரே கை நீட்டி வாங்கினார். பண்டிகை நல்லா போச்சா, பொண்ணு சோயா மாப்பிள்ளையோட வந்தாளா என்று எல்லாம் விசாரித்தார். விசாரித்து முடித்துவிட்டுப் பேப்பரை மடித்துக்கொண்டே, சாயங்காலம் மழை வருமாம் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"நீங்க லீவுல இருந்தப்ப அம்மாதான் ஓட்டினா பாய். படப்பை ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும்தான், அதே ரோடு. ஃபுல் டேங்க் போட்டு, திரும்ப ஃபுல் டேங்க் போட்டுப் பாத்தேன். லிட்டருக்குப் பதினெட்டரை குடுத்துது."

"நல்லதுதான சார்," என்றார் ஹிதாயத்துல்லா. வாய் சொல்லிவிட்டது. மனசு பதினெட்டரையிலேயே நின்றது.

"நல்லதுதான்," என்றார் முதலாளி. "இனிமே பெட்ரோல் போடறப்ப நானே கூட வந்துடறேன் பாய். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்."

அவ்வளவுதான் பேச்சு. திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. சாவியைக்கூட எப்போதும்போல டீப்பாய் மேல்தான் வைத்திருந்தார். ஆனால் டிரைவர் வேலையில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே வண்டி, ஒரே ரோடு. வீட்டம்மா கையில் பதினெட்டரை, டிரைவர் கையில் பன்னிரண்டு. நடுவில் இருக்கும் ஆறரை எங்கே போனது என்று எந்த முதலாளியும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். பதில் பெரும்பாலும் ஒரு அஞ்சு லிட்டர் கேனும், டேங்கிலிருந்து உறிஞ்ச ஒரு ரப்பர் ட்யூபுமாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாம்பரம் வட்டாரத்தில் மைலேஜ் என்றாலே ஹிதாயத்துல்லாதான். மற்ற டிரைவர் கையில் பன்னிரண்டு கொடுக்கிற பழைய டீசல் வண்டி அவர் கையில் பதினைந்து கொடுக்கும். மந்திரம் ஒன்றுமில்லை, நியூட்ரல்தான். பாலம் ஏறி முடிந்ததும் கியரை உருவிவிட்டு வண்டியைத் தன் போக்கில் இறங்க விடுவார். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அங்கிருந்தே நியூட்ரல். உருண்டு உருண்டு போய் முன்வண்டிக்கு ஒரு முழம் பின்னால் நிற்கும். தட்சிணாமூர்த்தி இதைப் பார்த்துப் பார்த்துச் சொக்கிப் போனவர். தொழிற்சாலைக்கு யார் வந்தாலும், "எங்க பாய் இறக்கத்துல வண்டிக்கு டீசலே காட்டமாட்டார்," என்று சொல்லாமல் அனுப்பமாட்டார். அவருக்கே ஒரு காலத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் ஹிதாயத்துல்லாதான். "சார், கியர்ல இறங்கினா இன்ஜின் சும்மா குடிச்சிக்கினே இருக்கும். நியூட்ரல்ல இறங்கினா காத்துதான் குடிக்கும்" என்பது முதல் பாடம்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அந்தப் பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு இந்த ஹைபிரிட் வந்தது. இருபது லட்சத்துக்கு மேல். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, கூடவே பேட்டரியில் ஓடுகிற மோட்டார் ஒன்று. ஊருக்குள்ளேயே இருபது கொடுக்கும் என்றார்கள். டெலிவரி கொடுக்க வந்த ஷோரூம் பையன் போர்ட்டிகோவில் முதலாளிக்கும் அம்மாவுக்கும் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் விளக்கினான். ஹிதாயத்துல்லா கேட் ஓரமாக நின்று பழைய வண்டியின் சீட் கவரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் போய்க் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஓட்டினவன் ஒரு மீசை முளைக்காத பயலிடம் போய் என்ன கேட்பது?

முதல் நாளே கேம்ப் ரோடு சிக்னலில் இன்ஜின் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை. ஹிதாயத்துல்லா பதறி ஸ்டார்ட் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். "அது தானா நின்னு தானா வரும் பாய்," என்று முதலாளி சிரித்தார். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நிற்கப் போகும்போதே லீவரை 'என்'னுக்குத் தள்ளிவிட்டால் இன்ஜின் அணைவதில்லை, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓடுகிறது. சிக்னலிலும் நியூட்ரல், இறக்கத்திலும் நியூட்ரல். பழைய வித்தை புது வண்டியிலும் பலிக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பன்னிரண்டுக்கு மேல் ஏறவில்லை. டீக்கடையில் வாஜித்துக்கு இது நல்ல தீனி. அவன் ஒரு டாக்டரிடம் ஓட்டை டீசல் வண்டி ஓட்டுகிறவன். "இன்னா பாய், இருவது லச்ச ரூவா வண்டி நம்ம டப்பாகிட்ட தோத்துகினு கீது? பேட்டரிய எட்த்து டார்ச் லைட்ல போட்டுட்டானா உங்க மொதலாளி?" என்பான். "ஹைபிரிட்டாவது மண்ணாவது. டீசல் தான் பாய் ராஜா." ஹிதாயத்துல்லா சிரித்துவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே நியூட்ரல் போடுவார். மைலேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

அந்தப் பதினெட்டரை காதில் விழுந்த நாளிலிருந்து அவருக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வண்டியை நிழலில் போட்டுவிட்டுத் தூங்குகிற மனுஷன், தொழிற்சாலை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டேங்க் மூடியைத் திறந்து மூடினார். வண்டிக்கு அடியில் படுத்து எங்காவது ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தார். வாட்ச்மேன் அசரியா, "இன்னாண்ணா தேடறீங்க?" என்றபோது சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். டேங்க் பக்கத்தில் படுத்திருந்ததை ஒருத்தன் பார்த்துவிட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவரோ மரத்தடியில் படுத்தே விட்டார்.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். தட்டை நகர்த்திவிட்டு நூர் பீவியிடம் கேட்டார். "நம்ம வூட்ல எப்பனா கேன் பாத்துகிறியா நீ?"

"இன்னா கேனு? தண்ணி கேனா?"

"ஒண்ணுமில்ல, வுடு."

"கேன் வோணும்னா சொல்லுங்க, எல்லம்மாக்கா வூட்ல ரெண்டு கீது."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இந்த முதலாளியிடம் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு எடுத்திருந்தால்கூட இன்றைக்கு மனசு இவ்வளவு வலிக்காது என்று நினைத்தார். எடுக்காதவனுக்குத்தான் இந்த வலி.

சனிக்கிழமை முதலாளியின் மனைவி காந்திமதி அம்மா தாம்பரத்தில் ஜவுளிக்கடைக்குப் போகவேண்டும் என்றார். ஹிதாயத்துல்லா கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "ராத்திரி தூக்கமில்ல, கண்ணு எரியுதும்மா. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றார். தூக்கமில்லாதது உண்மைதான். ஆனால் அம்மா அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தது.

காந்திமதி அம்மா ஓட்டுவதை ஓட்டுதல் என்று சொல்வதே டிரைவர் குலத்துக்கு அவமானம். மிக்ஸி பட்டனைத் திருகுகிற மாதிரி ஆக்சிலேட்டரை அழுத்துவார். வேகத்தடை பக்கத்தில் வந்த பிறகுதான் அது இருப்பதே அவருக்குத் தெரியும். அப்புறம் பிரேக்கில் ஏறி நிற்பார். ஹிதாயத்துல்லா இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். இந்த ஓட்டுக்கா பதினெட்டரை? படைத்தவன்தான் வந்து சொல்லவேண்டும்.

ரயில்வே பாலத்தில் ஏறி இறங்கத் தொடங்கினார்கள். அம்மா லீவர் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. அது பாட்டுக்கு ஓடுகிற கியரான 'டி'யில் கிடந்தது. இன்ஜின் தானாக அடங்கியது, மீட்டரில் பேட்டரியைக் காட்டுகிற பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. ஆறு மாசத்தில் அவர் அந்தக் கோடுகள் அப்படி ஏறிப் பார்த்ததே இல்லை.

"இறக்கத்துல நியூட்ரல் போட மாட்டீங்களாம்மா?" குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது.

"இதுலயா? ஐயோ, போடவே கூடாதே பாய். இறங்கும்போதும் பிரேக் அடிக்கும்போதும்தான இது பேட்டரிய சார்ஜ் பண்ணிக்குது. நியூட்ரல்ல போட்டா சார்ஜே ஏறாது. சிக்னல்ல இன்ஜினும் நிக்காது. அந்தப் பையன் ரெண்டு தடவை சொன்னானே. புக்குலயும் போட்டிருக்கு." அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அம்மா பிரேக்கில் ஏறினார். பச்சைக் கோடு இன்னும் இரண்டு ஏறியது.

கேன் இல்லை, ட்யூப் இல்லை, ஓட்டை இல்லை. அவர் கையே அந்த ஆறரையைக் குடித்திருக்கிறது. ஊரே மெச்சின கை. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. திருடன் என்பதைவிட மடையன் என்பது ஆயிரம் மடங்கு மேல். திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடலாம். சார் சிரிப்பார், தொழிற்சாலை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், வாஜித் ஒரு வருஷத்துக்கு விடமாட்டான். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருந்தார். எங்கே ஆரம்பிப்பது? வண்டியைக் குறை சொல்கிற மாதிரி இருக்கக்கூடாது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அவர்கள் மேல் பழி போடுகிற மாதிரியும் இருக்கக்கூடாது. தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை என்று தோன்றியது.

திங்கட்கிழமை முடிச்சூர் ரோடு நெரிசல் தாண்டும்வரை காத்திருந்தார். பின் சீட்டில் தட்சிணாமூர்த்தி செல்போனைப் பைக்குள் வைத்தார்.

"சார், அந்தப் பெட்ரோல் விஷயம்," என்றார் ஹிதாயத்துல்லா. "தப்பு என் மேலதான் சார்."

பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. கோபப் பெருமூச்சு அல்ல, நிம்மதிப் பெருமூச்சு.

"விடுங்க பாய். நான் கேட்டேனா? கேக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன். பொண்ணு கல்யாணம் பண்ணியிருக்கீங்க, பண்டிகை வேற. எனக்குப் புரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதான் வருத்தம். நீங்களா வாய்விட்டுச் சொன்னீங்க பாருங்க, அது போதும்."

ஹிதாயத்துல்லா பதறினார். "அய்யோ, அது இல்ல சார். நான் எடுக்கல. ஒரு சொட்டு எடுத்ததில்ல. நியூட்ரல் சார். நியூட்ரல் போட்டதாலதான் மைலேஜ் குறைஞ்சிது."

கண்ணாடியில் முதலாளியின் முகம் தெரிந்தது. பாவம், மாட்டிக்கொண்டு எதையோ உளறுகிறார் என்கிற இரக்கம் அதில் இருந்தது.

"நியூட்ரல் போட்டா கூடத்தான பாய் செய்யும்? நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

"இந்த வண்டிக்கு ஆவாது சார். அம்மாதான் சொன்னாங்க. அம்மாவக் கேளுங்க."

"அவளா?" தட்சிணாமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "அவ பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒண்ணா மிதிக்கறவ. உங்களுக்கு அவ நியூட்ரல் கத்துக்குடுத்தாளா? போதும் பாய். ஒரு தடவை ஒத்துக்கிட்டீங்க, அதோட முடிஞ்சுது. மறுபடி அதப் பேசாதீங்க, எனக்குச் சங்கடமா இருக்கு."

இனி எதைச் சொன்னாலும் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஹிதாயத்துல்லா கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனுஷன் தலையில் இவரே அடித்து இறக்கிய ஆணி, இன்றைக்கு யார் பிடுங்கினாலும் வராது. மன்னிப்பு கிடைத்துவிட்டது. பெரிய மனசோடு, முழுசாக. செய்யாத திருட்டுக்கு. அவருக்கு அழவேண்டும் போல இருந்தது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அழவில்லை.

படப்பையில் ஒரு மணி நேர வேலை. திரும்பும்போது முதலாளி வேறு மனுஷனாக இருந்தார். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார், ஒரகடத்தில் நில விலை பற்றிப் பேசினார், மூர் மார்க்கெட்டில் பழைய ஸ்டியரிங் வாங்கின கதையைச் சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு பழைய தட்சிணாமூர்த்தி. ரயில்வே பாலத்தின் உச்சிக்கு வந்ததும் முன் சீட்டைத் தட்டினார்.

"என்ன பாய், இறக்கம் வந்தாச்சு, கை சும்மா இருக்கு? போடுங்க நம்ம நியூட்ரல. நான் எதையும் மனசுல வெச்சிக்கல."

ஹிதாயத்துல்லா இடது கையை எடுத்து லீவர் மேல் வைத்தார். இறுக்கிப் பிடித்தார். அசைக்கவில்லை. வண்டி 'டி'யிலேயே இறங்கத் தொடங்கியது. இன்ஜின் சத்தம் தானாக அடங்கியது.

"கேட்டீங்களா?" பின்னால் முதலாளி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். "சத்தமே இல்ல. இந்த விஷயத்துல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல பாய்."

"ஆமா சார்," என்றார் ஹிதாயத்துல்லா. மீட்டரில் பச்சைக் கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தன. பின் சீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது.