சாட்சியில் கரைந்த நீர்ப்பை

கூடுவாஞ்சேரியில் ரெஜினாவுக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் பால் பொங்காது. அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டு விஷயத்தையும் வாயில் அடக்கத் தெரியாது என்பது, மகள் சிநேகா ஸ்கூட்டரிலிருந்து விழுந்த வாரம்தான் வெளிச்சமானது.

தலைவலி விடவில்லை என்று ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் நட்டநடுவில் நீர் நிறைந்த பை என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டம். ரெஜினாவுக்குப் பொறுக்குமா?

"எம்பொண்ணு மூளையில தண்ணி கட்டிக்கினு கீது, ஜெபம் பண்ணுங்க" என்று அழுதுவிட்டாள்.

முன்னால் உட்கார்ந்திருந்தவள் அடுத்த தெரு காசியம்மாள். அவள் மகன் ஆல்வினுக்குத்தான் சிநேகாவைப் பேசி முடித்திருந்தது. காசியம்மாள் முகம் அங்கேயே சுருங்கியது. ரெஜினா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வயித்துல இருக்கறப்ப எல்லாக் குழந்தைக்கும் இந்த இடைவெளி உண்டும்மா. அப்புறம் மூடிக்கும். சிலருக்கு மூடாது. இது நீர் ஓடுற வழிய அடைக்கல. தலைவலி விழுந்ததால வந்தது."

"எப்போ கரையும் டாக்டர்?" என்றாள் ரெஜினா.

"கரையாது. கரையவும் வேணாம்."

இதைக் காசியம்மாளிடம் எப்படிச் சொல்வது? பை அப்படியே இருக்கிறது என்றால் கல்யாணம் நிற்காதா? ஞாயிறு ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரம் ரெஜினா எழுந்தாள். "உங்க ஜெபத்தால தண்ணி இருந்த எடமே தெரியல."

அல்லேலூயா கூரையைத் தொட்டது. சிநேகா மட்டும் தலை நிமிரவில்லை.

வாசலில் காசியம்மாள் வந்து ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி, அந்தப் புது ஸ்கேனக் குடு. பாஸ்டருக்குக் காட்லாம்."

"அது வூட்ல..."

"புதுசா எடுக்கவேயில்ல, ஆன்ட்டி" என்றாள் சிநேகா. "பை அங்கியேதான் கீது. அதால ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

காசியம்மாள் கையை விட்டாள்.

"ஒண்ணும் ஆகாதுன்றது தெரியும்மா. ஆல்வின் நேத்தே டாக்டராண்ட விசாரிச்சுட்டான். இருந்தா இருக்கட்டும்னான், நானும் சரின்னேன். பை போய்டுச்சுன்னு உங்கம்மா சொன்னதும் அதிசயம்னு நம்பிட்டேன்." ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தாள். "கர்த்தர் சந்நிதியிலயே இவ்ளோ சுளுவா புளுகற. நாளைக்கு எங்களாண்ட இன்னா சொல்ல மாட்ட?"

பதில் கேட்க அவள் நிற்கவில்லை. வாசலில் காத்திருந்த ஆல்வின் ஒரு தடவை சிநேகாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

கல்யாணம் நின்ற சேதியை அன்றைக்குத் தெருவுக்குச் சொல்ல ரெஜினா தேவைப்படவில்லை. சிநேகா முன்னால் நடந்தாள், அம்மாவுக்காக எங்கேயும் நிற்காமல்.