பதினான்கு வாளி புதுத் தண்ணீர்

முதல் மீன் ஒருக்களித்துச் சாய்ந்தபோது மணி பத்தே முக்கால். ரூத் தொட்டியின் வெளிக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுத் தண்ணீர் கண்ட சந்தோஷத்தில் விளையாடுகிறது என்றுதான் நினைத்தாள்.

1983ஆம் வருஷம். பென்னலூருக்குப் பக்கத்தில் சைக்கிள் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தவள். முலாம் தொட்டிகளில் அமிலம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பி.எச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். அரைப் புள்ளி தவறினாலும் லைனை நிறுத்தச் சொல்வாள். நிறுத்துவார்கள். இருநூறு ஆண்களுக்கு நடுவே அந்த ஒரு விஷயத்தில் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

மீன்தொட்டி வரவேற்பறையில் இருந்தது. மேனேஜர் கிறிஸ்துதாஸ் மூர் மார்க்கெட்டில் ஆசையாக வாங்கி வந்தது. ஏழு ஏஞ்சல் மீன்கள், பத்துக் குட்டி மீன்கள், அடி முழுக்கப் பாசிச்செடிகள், நடுவில் ஒரு மரவேர். அட்டெண்டர் கோதண்டம்தான் அதைக் கவனித்துக்கொண்டார். நான்கு வருஷத்தில் அவர் தண்ணீரை மாற்றியதே இல்லை. வற்றின அளவுக்கு, தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஒரு செம்பு, இரண்டு செம்பு ஊற்றுவார். தொட்டித் தண்ணீர் வெளிறிய டீயின் நிறத்துக்கு வந்திருந்தது.

அந்தப் புதன்கிழமை மூன்று மணிக்குப் பம்பாயிலிருந்து ஆர்டர் கொடுக்கும் ஆட்கள் வருவதாக இருந்தது. கோதண்டத்தின் மனைவிக்குக் காஞ்சிபுரத்தில் ஆபரேஷன். அவர் லீவில் இருந்தார்.

"இந்தத் தண்ணியப் பாத்தா நம்ம கம்பெனியப் பத்தி இன்னா நினைப்பாங்க?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"நான் மாத்திடறேன் சார். தண்ணி பாக்கறதுதானே என் வேலை" என்றாள் ரூத்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நான்கு சுத்தமான வாளிகளை எடுத்துத் துப்புரவுப் பணியாளர் சுப்பனிடம் கொடுத்தாள். முக்கால் தொட்டியை இறைத்து வெளியே ஊற்றினார்கள். சுப்பன் போர்வெல் குழாயிலிருந்து பதினான்கு வாளி தண்ணீர் சுமந்து வந்து நிரப்பினார். தொட்டி பளிச்சென்று ஆனது. செடிகளின் பச்சையை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது.

"மேடம், இது இன்னா ஒரு மாதிரி கீது?" என்றார் சுப்பன்.

சாய்ந்த மீனின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. இன்னொன்று மேலே வந்து வாயைப் பிளந்தது. ஒரு ஏஞ்சல் மீன் அம்புபோலப் பாய்ந்து கண்ணாடியில் மோதி, அப்படியே கீழே இறங்கிச் செடிகளுக்குள் விழுந்தது. குட்டி மீன்கள் ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ரூத் கையில் துணியோடு நின்றாள். ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. அரை மணி நேரத்தில் பதினான்கு மீன்கள் செத்துப்போயின.

கிறிஸ்துதாஸ் ஓடி வந்தார். பின்னாலேயே, ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் ஜெபதாஸ்.

"கக்கூஸ் கழுவற வாளிலதானே மொண்டு ஊத்தின? பிளீச்சிங் பவுடர் இருந்திருக்கும்" என்று ஜெபதாஸ் சுப்பனைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல சார். மேடம் குடுத்த வாளி. கேட்டுப் பாருங்க."

கிறிஸ்துதாஸ் ரூத்தைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கு நாக்கு எழவில்லை. செத்த மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையசைப்பதற்குள் ஜெபதாஸ் சுப்பனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, வெளியே அனுப்ப வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாளிகளை நினைத்துப் பார்த்தாள். கழுவி வெயிலில் காய வைத்த வாளிகள். கொடுத்தது அவள். பிறகு எது கொன்றது? மேஜைமேல் பி.எச். தாள் சுருள் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். நீலம் கலந்த பச்சை. எட்டு. போர்வெல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அதில் தப்பில்லை. சுப்பன் இறைத்ததில் கடைசி இரண்டு வாளியைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றலாம் என்று வாசலில் வைத்திருந்தார். அந்தப் பழுப்புத் தண்ணீரில் இன்னொரு துண்டை நனைத்தாள்.

தாள் ஆரஞ்சு நிறத்துக்குப் போனது. நம்பாமல் இன்னொரு துண்டு கிழித்து நனைத்தாள். அதே ஆரஞ்சு. ஐந்து.

ஐந்து அமிலம், எட்டு காரம்; நடுவில் மூன்று புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் பத்து மடங்கு. ஆயிரம் மடங்கு மாற்றத்தை, அரை மணி நேரத்தில், உயிருள்ள ஒன்றின்மேல் கவிழ்த்திருக்கிறாள். அதோடு நின்றதா? மீன்கள் கழித்த கழிவு வருஷக்கணக்காகத் தொட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் உப்பாக, தீங்கில்லாமல் கரைந்து கிடந்திருக்கும். காரத் தண்ணீர் பட்டதும் விஷ அம்மோனியாவாகக் கிளம்பியிருக்கும். கல்லூரியில் உப்பைக் காரத்தோடு சூடாக்கி, மூக்கில் சுரீரென்று ஏறும் நெடியை வைத்துப் பெயர் சொன்ன பரிசோதனைதான் இது. அதற்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

ஒரு நாளைக்கு நான்கு முறை நிக்கலுக்குப் பார்த்தவள், இதற்கு ஒரு துண்டுத் தாளை நனைக்கவில்லை. தண்ணீர் கலங்கியிருந்தது, அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டாள்.

மூன்று ஏஞ்சல் மீன்களுக்கு இன்னும் செவுள் ஆடியது. கேன்டீனிலிருந்து பெரிய வடிகட்டியைக் கேட்டு வாங்கி, மூன்றையும் அள்ளிப் பழைய தண்ணீர் வாளியில் விட்டாள். திரும்பவும் ஒரு மாற்றம், தாங்குமோ என்னவோ. ஒன்று அடியில் போய்ப் படுத்தது, எழவில்லை. மற்ற இரண்டும் வெகுநேரம் கழித்து மெல்ல நிமிர்ந்தன.

மேனேஜர் அறையில் இரண்டு தாள் துண்டுகளையும் மேஜைமேல் வைத்தாள்.

"சுப்பண்ணன் மேல தப்பில்ல சார். வாளி நான் குடுத்தது. தண்ணிய மாத்தச் சொன்னதும் நான். பழைய தண்ணியப் பாக்காமலே மாத்திட்டேன்."

கிறிஸ்துதாஸ் தாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்ல தண்ணி ஊத்தினா சாவுமா?" என்றார். கோபமாக இல்லை, புரியாமல் கேட்டார்.

"நல்ல தண்ணிதான் சார். ஒரேயடியா ஊத்தினேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

பதிலுக்குக் காத்திராமல் சுப்பனைத் திரும்ப அழைத்து வரச் சொன்னார்.

சுப்பன் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வெயிலில் ஓடி வந்து ரூத் எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் திரும்ப வரச் சொன்னார் என்றும் சொன்னாள். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கேட்ல என் டிபன் பாக்ஸத் தொறந்து மோந்து பாத்தாங்க மேடம். சோத்துல வெசம் கீதான்னு" என்றார். "நீங்க அப்ப பேசுவீங்கன்னு நின்னுகினு இருந்தேன்."

"தெரியும் அண்ணே. என்னை மன்னிச்சிடுங்க."

 பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. அவளுக்குப் பத்தடி முன்னால் கம்பெனியை நோக்கி நடந்தார்.

தொட்டிமேல் மேஜைவிரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். பம்பாய்க்காரர்கள் அதைக் கடந்து போனார்கள். அது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அந்த இரண்டு மீன்களும் வாளியிலேயே இருந்தன. காலையில் ரூத் அரைக் குவளைத் தண்ணீரை எடுத்துவிட்டு அரைக் குவளைப் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பிறகு தாளை நனைத்துப் பார்ப்பாள். நிறம் சட்டென்று மாறினால் இரண்டு நாள் நிறுத்துவாள். ஐந்திலிருந்து ஏழுக்கு வர ஐந்து வாரம் பிடித்தது. ஒரு நாள் சுப்பன் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"தின்னுதா?"

"ரெண்டு நாளா தின்னுது அண்ணே."

"உம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவைக் கூட்டப் போனார்.