முதுகைப் பார்த்து ஆடியவர்

குடியாத்தத்தில் எட்டுப் பவர்லூம் வைத்து லுங்கி நெய்யும் சம்பந்தத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. பீடி, சாராயம், சீட்டு மூன்றையும் தொடாதவர். முதலிரண்டையாவது போனால் போகிறதென்று மன்னிப்பார். சீட்டென்றால் மன்னிப்பே கிடையாது. உட்கார்ந்த இடத்தில் ஒரு மனிதன் நாளைத் தொலைக்க இதைவிடக் குறுக்குவழி இல்லை என்பது அவர் கட்சி.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவர், சாப்பாட்டு மேசைமேல் இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மகள் நித்யஸ்ரீ செல்போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் டிசைன் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவள்.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"டிசைனர் சீட்டுப்பா. சேத்து வெக்கறதுக்கு. இது ஃபர்ஸ்ட் எடிஷன், இது செகண்ட் எடிஷன். ரெண்டையும் பக்கத்துல வெச்சு எது நல்லாருக்குன்னு வீடியோ போடப் போறேன்."

"சீட்டுல நல்ல சீட்டு வேறயா?" என்று திரும்பியவர் கண்ணில், கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளின் முதுகு பட்டது. நீலத்தில் சிவப்பும் மஞ்சளும் ஓடும் லுங்கிக் கட்டம். சம்பந்தம் கிட்டே போனார்.

"யார் போட்டது?"

"போர்ச்சுகல்ல ஒருத்தரு வரைஞ்சாரு. பேரு மெட்ராஸ் செக்."

"மெட்ராஸ்ல எவன் தறி ஓட்டறான்? நெய்யறது நாம, பேரு அவங்களுக்கா?" என்றார். ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், நூல் எண்ணும் சின்னக் கண்ணாடியை எடுத்தது.

அந்த நேரம் பார்த்து சுந்தரமூர்த்தி வந்து சேர்ந்தார். சம்பந்தத்தின் மனைவி சௌந்தரத்துக்கு அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்வாசி, ரம்மியில் புலி. தங்கை கையால் கோழிக்குழம்பு சாப்பிட வந்தவர், சாப்பிட்டு முடித்ததும் மேசையைப் பார்த்தார். அப்புறம் வேறெதையும் பார்க்கவில்லை.

"ஏம்மா நித்யா, சீட்டை ஆடிப் பாக்காம எது நல்லதுன்னு எப்படிச் சொல்லுவ? வழுக்குதா, கலையுதா, வளையுதா, ஒண்ணும் தெரியாதே."

நித்யஸ்ரீக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமாவை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கைகழுவ வைத்தாள். "அப்பா, எதிர்ல ஒரு ஆள் வேணும். நான் படம் எடுக்கணும். கொஞ்சம் உக்காருங்களேன்."

"நான் கட்டத்தைத்தான் பாப்பேன்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சம்பந்தம் உட்கார்ந்தார். முதல் பதிப்பை எடுத்துக் கலைத்தார்கள். மச்சான் பத்து நிமிஷத்தில் ரம்மி கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டு ஆட்டத்திலும் சம்பந்தம் தோற்றார். தோற்றதை அவர் கவனிக்கக்கூட இல்லை. ஒவ்வொரு சீட்டையும் திருப்பித் திருப்பி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டத்தில் சம்பந்தம், மச்சான் கையிலிருந்த சீட்டு விசிறியை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், அந்த டைமன் ஒம்பதை ஏன் வெச்சிருக்க? பத்து எங்கிட்ட இருக்குது. ஜாக்கி கட்டுல மேலயே கெடக்குது."

சுந்தரமூர்த்தி தன் சீட்டைப் பார்த்தார். திரும்பி முதுகுப்பக்கம் பார்த்தார். பீரோவில் கண்ணாடி இருந்தது. நாற்காலியை இழுத்து வெறும் சுவரோரம் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"இப்ப சொல்லு, பாப்போம்."

"இடது கோடி ஆட்டின் ராணி. பக்கத்துல கிளாவர் எட்டு."

"மாப்ள!" சுந்தரமூர்த்தி எழுந்தே விட்டார். "முப்பது வருஷமா சீட்டே தெரியாதுன்னு எங்களை ஏமாத்தினியா?"

"இதுல தெரியறதுக்கு இன்னா இருக்குது?" சம்பந்தத்துக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரே துணி மாதிரி அச்சடிச்சு வெட்டியிருக்கான். ஒவ்வொண்ணுலயும் கட்டம் ஒரு நூல் தள்ளித் தள்ளி அறுந்திருக்குது. ராணிக்கு ஓரத்துல செவப்பு ரெண்டு இழை. ஒம்பதுக்கு ஒண்ணரை. தறிக்காரன் கண்ணுக்குத் தப்புமா?"

நித்யஸ்ரீ அவசரமாக இரண்டாம் பதிப்பைக் கவிழ்த்துப் பரப்பினாள். அதில் கட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை; எந்தச் சீட்டிலும் கட்டம் அறுபடவில்லை. எல்லா முதுகும் ஒரே அச்சு. இவ்வளவு நாளாக அந்த வெள்ளைக் கரையை அழகைக் கெடுத்த தண்டச்செலவு என்று நினைத்திருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதுல வா, மாப்ள," என்றார் சுந்தரமூர்த்தி.

அதில் சம்பந்தம் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றார். இந்தத் தோல்விகளை நன்றாகவே கவனித்தார். காது சிவந்தது. தறிப் பட்டறையிலிருந்து மெக்கானிக் போன் செய்தபோது, "நாளைக்குப் பாத்துக்கலாம் போய்யா," என்று வைத்துவிட்டார்.

ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஸ்பேட் ஏழைக் கீழே போடப் போனபோது, பின்னாலிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது. பாத்திரம் கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"ஏழைப் போடாதீங்க. எட்டும் ஒம்பதும் அண்ணன்கிட்ட இருக்குது."

"உனக்கெப்படித் தெரியும்? அதான் வெள்ளையடிச்சு மறைச்சிட்டானே!"

"கட்டுலேர்ந்து ஒண்ணை எடுத்ததும் அண்ணன் மூக்கைச் சொறிஞ்சுது, வேண்டிய சீட்டு வந்தா அதுக்கு அந்தப் பழக்கம். எட்டு, நீங்களே போட்டது, எடுத்துச் சொருகிக்கிச்சு, அப்ப வந்தது ஒம்பதுதான். பாக்கலியா?"

சுந்தரமூர்த்தி மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"நீ சீட்டாடுவியா?" என்றார் சம்பந்தம், ஏதோ வேற்று வீட்டுக்கு வந்துவிட்டவர் மாதிரி.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல நாந்தான் ஜெயிப்பேன். அண்ணனைக் கேளுங்க."

"சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லியே. தள்ளி உக்காருங்க. நாங்கள்லாம் ஆள் மொகத்தைப் பாத்து ஆடறவங்க. நீங்க சீட்டு முதுகைப் பாத்து ஆடறீங்க."

அவர் தள்ளி உட்கார்ந்தார். மனைவி பதிமூன்று சீட்டையும் ஒற்றைக் கையில் விசிறியாக விரித்த அழகை வாய் திறந்து பார்த்தார். பொழுது சாய்வதற்குள் சௌந்தரம் அண்ணனை ஆறு ஆட்டம் ஜெயித்தாள். காப்பி போட்டது சம்பந்தம். சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.

நித்யஸ்ரீயின் வீடியோ புதன்கிழமை வந்தது. மை, தாள், பெட்டியின் மடிப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டு, முதல் பதிப்பு கண்ணுக்கு அழகு, இரண்டாம் பதிப்பு ஆட்டத்துக்கு நியாயம் என்று தீர்ப்புச் சொன்னாள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சீட்டை முகர்வதுபோலப் பார்க்கும் அந்தப் பெரியவர் யார் என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கே சம்பந்தம் வேலூருக்குப் போன் போட்டார்.

"மச்சான், இன்னிக்கு வர்றியா?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றேன், மாப்ள."

"அவ்ளோ நேரம் ஏன்? நாஷ்டாவுக்கே வந்துடு. உன் தங்கச்சி என்கூட மட்டும் ஆடினா போரடிக்குதுன்றா."