சடையனின் வலது முழங்கை

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. நைனார்பாளையம் பாதையில் சாய்த்த புளியமரங்களிலேயே பெரியதில் ஏறிக் கயிறு கட்டியவர் என் வீட்டுக்காரர் சடையன். மரம் முறியும் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. குதித்து வலது கையை ஊன்றினார். முழங்கை பின்பக்கமாகத் துருத்திக்கொண்டது.

விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போயின. கூலிக்காரருக்குக் கை போனால் மிச்சம் வாய்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பாதையில் மரம்.

"அத நகத்த முடியாதும்மா, போராட்டக் கட்டுப்பாடு" என்றார் மறியலை நடத்திய வீரமுத்து.

மரத்துக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து நின்றிருந்த பஸ்ஸில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கெஞ்சிக் கூட்டிவந்தேன். அவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, என் விரலையும் அங்கே வைத்தார்.

"நாடி இல்ல பாரும்மா. மூட்டு நழுவி ரத்தக்குழாய அழுத்துது. இப்பவே உள்ள தள்ளணும்."

மேல்கை எலும்பின் முனை கிணற்று ராட்டினம் மாதிரி, கீழெலும்பு அதைக் கொக்கியாகக் கவ்வியிருக்கும், இரண்டு பக்கமும் நார் இழுத்துக் கட்டியிருக்கும் என்றார். கொக்கி இப்போது ராட்டினத்துக்குப் பின்னால் கிடந்ததாம்.

மேசை இல்லை. அடிமரம் இருந்தது. அதன்மேல் குப்புறப் படுக்கவைத்து, தொங்கிய கையை என்னை மெல்லக் கீழே இழுக்கச் சொன்னார். கட்டைவிரல்களால் முழங்கை முனையைத் தள்ளினார். கோஷத்துக்குக்கூட சடையன் அப்படிக் கத்தியதில்லை. மூட்டு 'டொக்'கென்று உட்கார்ந்தது.

நாடி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

டாக்டரம்மா கையை மடக்கிப் பார்த்தார், மூட்டு நின்றது. மெல்ல நீட்டினார், நழுவப் பார்த்தது.

"நார் அறுந்திருக்கு. மடக்கியே வெச்சிருந்தா சேந்துக்கும். மறுபடி கழண்டா இந்தக் கை வேலைக்கு ஆகாது. நாடியப் பாத்துக்கிட்டே இரு" என்று என் முந்தானையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டுப் போனார்.

வீரமுத்து வந்தார். "சடையா, அடுத்த மரத்துக்குக் கவுறு கட்டணும். ஒன்ன மாதிரி ஏற ஆளு இல்லப்பா. எடது கை சும்மாதான கீது?"

புகழ்ந்தால் போதும், என் வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். எழுந்தார்.

நாடி பார்த்துக்கொண்டிருந்த மணிக்கட்டை விட்டேன். அவர் எதிரில் பாதையை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னா பூமால, வழி வுடு" என்றார் வீரமுத்து.

"மறியல்" என்றேன்.