ஷட்டரில் ஒட்டிய தேதி

நேற்று மாலை பூட்டும்போது ஷட்டரில் ஒன்றுமே இல்லை. இன்று காலை வந்து பார்த்தால், பதினேழு நாள் பழைய நகராட்சி நோட்டீஸ் ஒன்று அதில் ஒட்டியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு எதிரே பன்னிரண்டு வருடமாக நகல் எடுத்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் அக்காவுக்கு மூன்றாம் முறை படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நோட்டீஸ் ஒட்டிய நாள் ஒன்றாம் தேதி. மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் கெடு. தவறினால் பத்தொன்பதாம் தேதி காலை கடை இடிக்கப்படும். இன்று பதினெட்டு.

ஒரு தாள் இருந்தது என்றால் காட்டலாம். இல்லை என்பதை எப்படிக் காட்டுவது?

பக்கத்துக் கடை டைப்பிஸ்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ரெண்டு சாட்சி கையெழுத்து வேற. ஒட்டினதும் அவங்க, பாத்த சாட்சியும் அவங்க. கிழிச்சுப் போட்டுரும்மா."

"ஐயோ அண்ணே, அதுக்குத் தனி கேஸ் போடுவாங்க."

"கோர்ட்டுக்குப் போங்கக்கா, நியாயம் கெடைக்கும்" என்றார், லைசென்ஸை நகல் எடுக்க வந்திருந்த லாரி டிரைவர்.

"கெடைக்கும் தம்பி. தீர்ப்பு வர்றப்போ கடை இருந்த எடத்துல உன் லாரி நிக்கும்."

டிரைவர் சிரிக்கப் போனவர், அக்காவின் முகத்தைப் பார்த்து லைசென்ஸை மட்டும் நீட்டினார்.

அக்கா கூப்பிட்ட வக்கீலம்மா போனில் சுருக்கமாகப் பேசினார். "நாலு மணிக்குள்ள தடை கேக்கணும். கெடு முடிஞ்சதுன்னு அவங்க நிப்பாங்க. தேதி பொய்னு காட்ட ஏதாவது வேணும். உங்க வாய் வார்த்தை பத்தாது."

அக்கா லைசென்ஸை மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். நகலை நீட்டும்போது வழக்கமான சமாதானமும் தானாக வாயில் வந்தது. "ஓரத்துல அந்தக் கோடு கண்ணாடியிலயே இருக்கு தம்பி. எழுத்து மேல விழலை."

சொன்னவள் அப்படியே நின்றாள். காலையில் படித்த நோட்டீஸின் ஓரத்திலும் அப்படியொரு கோடு இருந்தது.

நகல் மெஷின் செய்வது எளிய வேலை. கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் பாய்ந்து, மேலே கவிழ்ந்திருக்கும் தாளைப் பார்க்கிறது. கண்ணாடியில் கீறல் இருந்தால் அதையும் சேர்த்தே பார்க்கிறது. எந்தத் தாளை வைத்தாலும் அதே இடத்தில் அதே கோடு விழும். இந்தக் கண்ணாடியின் வலது மூலையில், அரிவாள் போல வளைந்த ஒரு கீறல். ஒரு குமாஸ்தா பின்னைப் பிடுங்காமல் காகிதக் கட்டைக் கவிழ்த்து அழுத்தியதில் விழுந்தது.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வெறும் கண்ணாடியை நகல் எடுத்தாள். வெளியே ஓடி நோட்டீஸின் மேல் பொருத்திப் பிடித்தாள். கோட்டின் மேல் கோடு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

டைப்பிஸ்ட் குரலைத் தாழ்த்தினார். "உங்கிட்டயேதான் எடுத்திருக்கான்!"

நோட்டீஸ் ஒட்டிய நகராட்சி ஆபீஸின் மெஷின் கெட்டு ஒரு மாதமாகிறது. பியூன் தினமும் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது அவள் தொழில் ஒழுக்கம். அவள் கடையை இடிக்கும் உத்தரவை அவளே நகல் எடுத்து, நேராக அடுக்கி, பின் குத்திக் கொடுத்திருக்கிறாள்.

"அவங்களைப் பொய்யன்னு சொன்னா என்னை விட்டுவைப்பாங்களா அண்ணே?"

"சொல்லாட்டி மட்டும் விட்டுவைப்பாங்களா? கீறல் என்னிக்கு விழுந்துச்சு, அதைச் சொல்லு."

"பதினொண்ணாந் தேதி. அன்னிக்கு அந்தக் குமாஸ்தாவோட பெரிய சண்டை."

"அதுக்கு யாரு சாட்சி?"

அவள் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். அவள் எடுத்த நகல்கள் தினமும் அங்கேதான் மனுக்களாகப் போகின்றன. ஒவ்வொன்றிலும் நீதிமன்றமே தேதி முத்திரை குத்துகிறது.

டைப்பிஸ்ட் தடை மனுவுக்குத் தாளைச் செருகினார். அவள் சொல்லச் சொல்ல அடித்தார்: பத்தாம் தேதி முத்திரையிட்ட மனுவில் கோடு இல்லை, பன்னிரண்டாம் தேதி மனுவில் இருக்கிறது, ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸிலும் இருக்கிறது. ஆகவே அந்தத் தாள் ஒன்றாம் தேதி உலகத்திலேயே இல்லை. நீதிமன்றம் தன் கோப்புகள் இரண்டை எடுத்து நோட்டீஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.