எதுவும் கிடைக்கவில்லை

திரௌபதியின் மேஜைக்கு நேர் எதிரே, சுவரில், அவள் பெயர் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மருத்துவ நூலகர்களுக்கான ஐந்து நாள் கணினித் தேடல் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார் என்று அதில் இருந்தது. முடித்தது உண்மை. அந்த ‘வெற்றிகரமாக’ கண்ணில் படாமலிருக்க, தினமும் காலையில் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுத்தான் அவள் உட்காருவாள்.

சட்டம் போட்டு மாட்டியது அவள் இல்லை. நிர்வாக அதிகாரி குமரேசன். திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு ஒரு நர்சிங் கல்லூரியும் உண்டு. கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது ‘பயிற்சி பெற்ற நூலகர்’ ஒருவரைக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் 2002 ஜூனில் அவளை சென்னைக்கு அனுப்பினார்கள். பதினோரு வருடமாக அந்த நூலகத்தில் இருப்பவள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்தப் பத்திரிகையின் எந்த மாத இதழ் காணாமல் போனது, யார் கிழித்தது வரை சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் மட்டும்தான் அவளுக்கு எமன்.

பயிற்சியில் இருபது பேருக்குப் பத்து கம்ப்யூட்டர். இரண்டு பேருக்கு ஒன்று. அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் எழில் என்கிற சின்னப் பெண். முதல் நாள் திரௌபதி மவுஸைப் பிடித்தாள். அம்பு எங்கோ ஓடியது. துரத்திப் பிடித்து அழுத்தினாள், திரையில் இருந்ததெல்லாம் மறைந்துவிட்டது. “பரவால்ல மேடம்” என்றார் பயிற்சியாளர். அவர் சொன்ன தோரணையில் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாற்பத்தோரு வயதில், பிள்ளைகள் காலேஜ் போகிற வயதில், அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டுவிட்டது. நாற்காலியை எழிலுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். மீதி நாலரை நாளும் மவுஸைத் தொடவில்லை.

ஆனால் எழுதினாள், அப்படி எழுதினாள். எண்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. தலைப்புக்கு ஒரு மை, விளக்கத்துக்கு ஒரு மை. கடைசி நாள் பயிற்சியாளரே அந்த நோட்டை வாங்கி, “குறிப்பு எடுத்தா இப்படி எடுக்கணும்” என்று எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். செய்முறைத் தேர்வும் ஜோடி ஜோடியாகத்தான் நடந்தது. எழில் தேடினாள், இவளுக்கும் சான்றிதழ் வந்தது.

நாலாம் நாள் குறிப்பில் ஒரு வரிக்குக் கீழே அவளே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். ‘எதுவும் கிடைக்கவில்லை என்று டாக்டருக்கு எழுதிக் கொடுத்தால், எங்கே தேடினோம், எப்படித் தேடினோம் என்று கீழே எழுத வேண்டும். இல்லை என்பதும் ஒரு பதில். அதை நம்பி அவர் முடிவெடுப்பார்.’

ஊருக்குத் திரும்பியதும் குமரேசன் மஞ்சள் சீட்டு அச்சடித்தார். டாக்டர்கள் கேள்வியை எழுதி அனுப்பினால் நூலகர் தேடி, பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் திருப்ப வேண்டும். இரண்டு மாதம் அலமாரிப் புத்தகங்களை வைத்தே சமாளித்துவிட்டாள். அந்தப் புதன்கிழமைதான் டாக்டர் சிந்துஜாவின் சீட்டு வந்தது.

சிந்துஜா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். சீட்டில் இருந்தது இதுதான்: ‘ஒடுவன் தழை விஷம். எத்தனை நாள் கண்காணிக்க வேண்டும்? எதைக் கவனிக்க வேண்டும்? அவசரம்.’

கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஆராயி என்கிற பெண்ணை முந்தின நாள் சாயங்காலம் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வயிற்று வலிக்குப் பச்சிலை குடித்ததில் ஒடுவன் தழை கலந்துவிட்டது என்று அவள் புருஷன் தருமன் சொன்னான். அது நிஜமா, வீட்டில் ஏதாவது சண்டையா என்று துருவுகிற நேரம் அதுவல்ல.

திரௌபதி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். மோடம் கீச்சிட்டது. இணைப்பு வந்தது. திரை என்னவோ கேட்டது. அவள் எதையோ அழுத்தினாள். எல்லாம் போய்விட்டது. மூன்று தடவை இப்படியே ஆயிற்று. அந்த நேரம் பார்த்து குமரேசன் கதவருகில் தலையை நீட்டினார்.

“இன்னா மேடம், மெட்ராஸ்ல கத்துக்கினு வந்ததெல்லாம் வேலை செய்யுதா?”

“செய்யுது சார்.”

அவர் போனதும் அவள் மஞ்சள் சீட்டை எடுத்தாள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். எங்கே தேடப்பட்டது என்ற இடத்தில் ‘மெட்லைன்’ என்று, பயிற்சியில் கேட்ட மருத்துவக் கட்டுரைத் தொகுப்பின் பெயரை எழுதினாள். கையெழுத்து, முத்திரை. ஒரு நிமிஷ வேலை. சீட்டு கையை விட்டுப் போனதும் அப்பாடா என்று இருந்தது. இன்றுவரை அவளால் மன்னிக்க முடியாதது அந்த அப்பாடாவைத்தான்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. ரோட்டில் காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு ஸ்டாஃப் நர்ஸ் சரோஜா புத்தகம் திருப்பித் தர வந்தாள்.

“ஒடுவன் கேஸு இன்னிக்கு டிஸ்சார்ஜ்க்கா. நல்லா எழுந்து உக்காந்துட்டா. ரெண்டு இட்லி கூட சாப்ட்டா. மத்தியானத்துக்கு மேல பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான், இப்பவே போறோம்னு அவ புருஷன் ஒத்தக்கால்ல நிக்கிறான்.”

“டாக்டரம்மா விட்டுட்டாங்களா?”

“இன்னும் ரெண்டு நாள் வெச்சிக்கலாம்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. அப்புறம் நீங்க தேடிப் பாத்து ஒண்ணும் இல்லன்னு குடுத்தீங்களே, அத கேஸ் ஷீட்லயே பின் பண்ணி வெச்சிட்டாங்க. ‘லைப்ரரில தேடியாச்சு, பயப்படற மாதிரி எதுவும் இல்ல’ன்னு எழுதியே குடுத்துட்டாங்க.”

சரோஜா போய்விட்டாள். திரௌபதி அந்தப் புத்தகத்தை எந்த அலமாரி என்று பார்க்காமலே செருகினாள்.

ஒடுவன் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர் பக்கம்தான் அவளுக்கும் பிறந்த ஊர். அவள் பத்தாவது படிக்கும்போது எதிர் வீட்டு மணியம்மாள் ஒடுவன் தழையைத் தின்றாள். மூன்று நாள் ஒன்றும் ஆகவில்லை. பிழைத்துக்கொண்டாள் என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாலாம் நாள் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு சாய்ந்தாள். ஒடுவன் லேட்டாகத்தான் கொல்லும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. படித்த டாக்டரிடம் போய் எதிர் வீட்டுக் கதையையா சொல்வது என்று புதன்கிழமை வாயை மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் கிடைப்பதுதான் சேதி, தனக்குத் தெரிந்தது வெறும் பேச்சு என்று நினைத்தாள். அந்தக் கம்ப்யூட்டரையும் தேடவில்லை.

நூலகத்துக்கு இருந்த ஒரே போனை எடுத்து எழிலைக் கூப்பிட்டாள்.

“எழிலு, நான் திருவண்ணாமல திரௌபதி பேசறேன். ஒடுவன் தழைன்னு ஒரு விஷம். அதுக்கு எப்படித் தேடணும் சொல்லும்மா. சீக்கிரம் சொல்லு. எழுதிக்கறேன்.”

“செடி பேரா அக்கா? மொதல்ல அதோட தாவரப் பேர் வேணும். உங்க ஷெல்ஃப்ல டாக்சிகாலஜி புக் இருக்கும்ல, அதுல பாருங்க. அப்புறம் நோட்ல மூணாம் நாள் எழுதினீங்களே, அதே மாதிரிதான்.”

“எழிலு.” திரௌபதி பேனாவைக் கீழே வைத்தாள். “மொத நாளுக்கு அப்புறம் நான் மவுஸைத் தொடவே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. தேடாமயே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். அத நம்பி அந்தப் பொம்பளைய வீட்டுக்கு அனுப்பறாங்க.”

“நீங்க தொடலன்னு எனக்குத் தெரியும்க்கா. பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. நீங்க செய்ங்கன்னு நானும் ஒரு வார்த்த சொல்லல, எனக்கு அது வசதியா இருந்துச்சு.” எழில் மூச்சு வாங்கினாள். “நான் இங்க தேடறேன். நீங்க இப்ப கம்ப்யூட்டர்ல உக்காராதீங்க. போய் அந்தச் சீட்ட வாபஸ் வாங்குங்க. போங்கக்கா, போன வைங்க.”

வார்டுக்குப் போகிற நடை அறுபது அடி இருக்கும். அந்த அறுபது அடியிலும் அவளுக்குள் இரண்டு பயம் சண்டை போட்டது. அந்தப் பெண் செத்துப்போவாள் என்பது ஒன்று. மற்றது, வேலை போய்விடும். குமரேசன் எல்லார் முன்னாலும் கேட்பார். நர்சிங் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு பொய் சொன்னால் போதும், ‘இப்பதான் புதுசா ஒண்ணு கிடைச்சுது டாக்டர்’ என்று சொல்லிவிடலாம். வார்டு வாசல்வரை அந்தப் பொய் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது.

கட்டில் காலி. விரிப்பைக்கூட மாற்றியிருந்தார்கள்.

சிந்துஜா அடுத்த கட்டிலில் யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், அந்தச் சீட்டு பொய். நான் தேடவே இல்ல. எனக்குத் தேடத் தெரியாது.”

சிந்துஜா நாடி பிடித்த கையை விட்டாள். “என்ன சொல்றீங்க மேடம்? மெட்லைன்னு எழுதியிருந்தீங்களே?”

“எழுதினேன். தேடல. ஒடுவன் நாலாம் நாள், அஞ்சாம் நாள் கூட ஆளத் தூக்கிடும் டாக்டர். எங்க ஊர்ல நானே பாத்திருக்கேன். அவங்க எங்க?”

“கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சே!”

திரௌபதி ஓடினாள். செருப்பு வார்டு வாசலிலேயே கிடந்தது. வெளியே ரோட்டில் அதற்குள்ளேயே போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். ஆட்டோ எதையும் விடவில்லை. டவுன் பக்கம் போகிறவர்கள் எல்லாம் மூட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆராயி எப்படி இருப்பாள் என்பதே தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு நாளாக ஒரு பெயரையும் ஒரு தழையையும்தான் தெரியும். வார்டுக்குப் போய் அந்த முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, “ஆராயி! ஆராயி!” என்று கத்தினாள். வேண்டுதல் போல இருக்கிறது என்று ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

தடுப்பைத் தாண்டி நூறு கஜத்தில், மூடியிருந்த ஒரு கடையின் படியில், ஒரு ஆள் எழுந்து நின்று கை காட்டினான்.

“இன்னாம்மா? நாங்கதான்.”

பக்கத்தில் ஆராயி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆட்டோ வர்ல, நடந்துடலாம்னு பாத்தோம்” என்றான் தருமன். “இவளால முடியல.”

“கால்ல பெலமே இல்லக்கா” என்றாள் ஆராயி. “என் காலு மாதிரியே இல்ல.”

தருமன் ஒரு பக்கம், திரௌபதி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தடுப்பிலிருந்த போலீஸ்காரர் ஒருவர் ஓடிப்போய் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலி கொண்டுவந்தார். அன்று ஆட்டோ கிடைத்து பஸ்ஸைப் பிடித்திருந்தால் ஆராயி அந்நேரம் வயல்காட்டு நடுவே ஒரு வீட்டில் இருந்திருப்பாள். எந்த வண்டியும் அவளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்காது. இதை நினைத்தால் திரௌபதிக்கு இன்றும் தூக்கம் வராது.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தரைமட்டத்தில் இருந்தது. இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டரில் ஆராயியைப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எழிலின் ஃபேக்ஸ் வந்தது, ஆறு பக்கம். பொட்டாசியம் இறங்கும், துடிப்பு தடுமாறும், ஆள் தேறியது போலத் தெரிந்தாலும் பல நாள் விடக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. தேடியிருந்தால் புதன்கிழமையே கிடைத்திருக்கும் ஆறு பக்கம்.

சிந்துஜா படித்து முடித்துவிட்டு ஒரு புதிய மஞ்சள் சீட்டை நீட்டினாள். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம் என்று திரௌபதிக்கு இருந்தது.

“அந்த லேடிக்கு இன்னும் என்னென்ன வரலாம்னு எனக்குத் தெரியணும். உக்காருங்க. நீங்களே தேடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன், மவுஸைத் தொட மாட்டேன்.”

அம்பு ஓடியது. பக்கம் மறைந்தது. திரும்பவும் வந்தது. நோட்டின் மூன்றாம் நாள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கிடைத்தது. எங்கே தேடப்பட்டது, எப்படி என்ற இடத்தை முழுசாக நிரப்பினாள். அதற்கும் கீழே, ‘புதன்கிழமைச் சீட்டு தேடாமல் எழுதியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குமரேசன் அதைப் படித்துவிட்டு, விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். மெமோவைக் கையில் வாங்கியபோதுதான், இத்தனை நாளும் பயப்பட வேண்டியதற்குப் பயப்படவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராயியின் துடிப்பு தாறுமாறாக ஓடி, ஒரு நொடி நின்றே போனது. மானிட்டர் அலறியது. கட்டிலருகிலேயே இருந்த சிந்துஜாவும் சரோஜாவும் உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆராயி தன் காலிலேயே நடந்து வீட்டுக்குப் போனாள். போகும் முன் தருமன் நூலகத்துக்கு வந்தான். ஒரு துணிப்பை நிறைய மல்லாட்டையை, தோல் உரிக்காத நிலக்கடலையை, மேஜைமேல் வைத்தான்.

“எங்க கொல்லைல வெளஞ்சதும்மா. செருப்பு கூட இல்லாம ஓடியாந்தீங்களே. நீங்க இல்லன்னா என் பசங்களுக்குத் தாயில்ல.”

அந்தப் பொய்ச் சீட்டைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் பை அவளுக்கு. அந்த நன்றியைப் பார்த்து அவளுக்கு வந்த கிலி குமரேசனைப் பார்த்துக்கூட வரவில்லை.

“உக்காருங்க தருமன்” என்றாள். “உங்கள அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பினதே நான்தான்.” மஞ்சள் சீட்டில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

தருமன் உட்காரவே இல்லை. சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பினான்.

“இப்ப தேடத் தெரியுமா?”

“தெரியும்.”

“தேடுங்க” என்று சொல்லிவிட்டு, பையோடு போய்விட்டான்.