ஞாயிறு தாண்டாத பேட்டரி

சின்னமனூரில் குடியிருந்த ஹேமாவதி மாட்டு டாக்டர். கூடலூர்ப் பக்கம் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை. தினம் போய்வர ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள். விற்றவர் காமராஜ், போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். வெள்ளிக்கிழமை வரை குறை சொல்ல முடியாமல் ஓடும் வண்டி, சனி ஞாயிறு வீட்டில் நின்றுவிட்டால் திங்கட்கிழமை காலையில் 'டிக் டிக்' என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

நாலாவது திங்கட்கிழமையும் பேட்டரிக் கடை தங்கப்பாண்டியன் தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, ஜம்பர் கேபிளை மாட்டி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்.

"பேட்டரி புதுசு, டாக்டரம்மா. சார்ஜும் ஒழுங்கா ஏறுது. பேசாம குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க."

"போறேன். அதுக்கு முன்னாடி கரண்டு எங்கன போகுதுன்னு பாத்திருவோம்ண்ணே."

வாய் பேசாத மாட்டுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துப் பழகியவள். காரணம் தெரியாமல் ஒன்றை விட்டுவிட அவளால் முடியாது.

அந்தச் சனிக்கிழமை தங்கப்பாண்டியன் மீட்டரோடு வந்தார். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்தார்கள். சாவி ஹேமாவதியின் கையில், கதவுகள் சாத்தியிருந்தன, ஒரு விளக்குகூட எரியவில்லை. ஆனாலும் மீட்டரில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். எதைப் பிடுங்கினாலும் எண் அசையவில்லை.

"அப்ப ஃபியூஸ் பக்கமே போகாம, நேரா பேட்டரியிலருந்து ஏதோ ஒண்ணு குடிக்குது" என்றார் தங்கப்பாண்டியன். அவருக்கும் இப்போது சுவாரசியம் தட்டிவிட்டது.

பிளஸ் முனையில், தடித்த வயரோடு ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய சிவப்பு வயர் ஓடியது. ஹேமாவதி விரலாலேயே அதைத் தொடர்ந்தாள். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் போய் மறைந்தது. வண்டிக்குள் மல்லாந்து படுத்து, வயிற்றில் புரண்டு கிடக்கும் கன்றைத் தேடுவதுபோல் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். டேப் சுற்றிய கறுப்பு டப்பா ஒன்று கையோடு வந்தது. தீப்பெட்டி அளவுதான். அதில் ஒரு பச்சைப் பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது ஜிபிஎஸ்ஸுல்ல! வண்டி எங்கன நிக்கிதுன்னு போன்ல பாக்குறது. சிம்மு செத்திருக்கும். சிக்னலத் தேடித் தேடியே கரண்ட இழுத்திருக்கு."

வயரைப் பிடுங்கியதும் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. தங்கப்பாண்டியன் கைதட்டாத குறை. ஆனால் ஹேமாவதி டப்பாவையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வைத்தது? யாருக்காக?

காமராஜின் எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவர் மனைவி பாண்டியம்மாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மாவின் குரல் தணிந்துவிட்டது.

"ஐயய்யோ, அவுகட்ட சொல்லிராதீக, டாக்டரம்மா. வச்சது நாந்தேன். வியாழக்கிழமை மத்தியானமானா வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாக. எங்கன போறீகன்னு கேட்டா 'சும்மா'ம்பாக. வருசக்கணக்கா இதே பேச்சு. பொறுக்க முடியாமத்தேன் மெக்கானிக்க வச்சு மாட்டுனேன்."

"எங்க போனாராம்?"

"லோயர் கேம்ப். அங்கன போயி ரெண்டு மணி நேரம் போன்ல புள்ளி அசையவே இல்ல. ஒவ்வொரு வாரமும் அதே எடம்."

"அவர்ட்டயே கேக்க வேண்டியதுதானம்மா?"

"கேட்டா டப்பா வச்சதச் சொல்லணுமே தாயி!"

ஹேமாவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீங்க அந்தப் பக்கந்தான வேல பாக்குறீக? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீகளா?"

கேட்காவிட்டாலும் ஹேமாவதி போயிருப்பாள். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டு லோயர் கேம்புக்கு விட்டாள். பாண்டியம்மாள் சொன்ன அடையாளத்தில், கால்வாய்க் கரையோரம் ஒரு புளியமரம், அதற்கு எதிரே ஒரு டீக்கடை. வேறு வீடு வாசல் எதுவும் இல்லை. வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் டீக்கடைக்கார அம்மா சங்கிலியம்மாள் வெளியே வந்துவிட்டாள்.

"இது போடி ஐயா வண்டில்ல? அவுக எங்க? நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்கார். கண்ணு ஆபரேஷன் ஆனதால வண்டி ஓட்டுறதில்ல. ஆமா, இங்க எதுக்கு வருவார்?"

"தூங்குறதுக்கு."

"தூங்குறதுக்கா?"

"ஆமா. மரத்தடியில நிறுத்தி, சீட்டச் சாய்ச்சு, கால்வாயப் பாத்துக் கண்ணாடிய எறக்கி விட்டுட்டுத் தூங்குவாக. முழிச்சு ஒரு டீ, ஒரு பருப்பு வடை. போயிருவாக. ஒரு நா நானே கேட்டேன். 'வீட்டுல கண்ண மூடுனா ஏலக்கா வெலதான் ஓடுது ஆத்தா, இங்கன தண்ணிச் சத்தத்துல அது கேக்க மாட்டேங்குது'ன்னு சொன்னாக."

ஹேமாவதி அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். கால்வாய் நிறையத் தண்ணீர் சளசளத்து ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்தே பாண்டியம்மாளுக்குச் சொன்னாள். மறுமுனையில் "தூங்கவா?" என்று மட்டும் வந்தது. பிறகு, "இப்பல்லாம் ராத்திரி எந்திரிச்சு வீட்டுக்குள்ளயே நடந்துக்கிட்டுக் கெடக்காக" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஹேமாவதி போடிக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டாள். பழைய வண்டியில் ஒரு சவாரி என்று மட்டும் காமராஜிடம் சொல்லியிருந்தாள். கூடலூர் தாண்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புளியமரத்தடியில் வண்டி நின்றபோது மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா ஒன்றும் தெரியாததுபோல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சீட்டைச் சாய்த்தார். பத்து நிமிடத்தில் குறட்டை வந்தது.

பெண்கள் இருவரும் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

"டப்பா விஷயத்தச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள் ஹேமாவதி.

பாண்டியம்மாள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல முழிக்கட்டும்" என்றாள். பிறகு சங்கிலியம்மாளிடம் திரும்பி, அவர் வழக்கமாகச் சாப்பிடும் அந்த வடையில் தனக்கும் ஒன்று தரச் சொன்னாள்.